உள்மாநிலக் கட்டணம் வேண்டுமா? முதலில் வேலை, பிறகு கல்லூரி

அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒரே வகுப்பறைக்கு இரண்டு கட்டணம். மிச்சிகன் பல்கலைக்கழக இளநிலைப் படிப்புக்கு அந்த மாநிலத்தார் ஆண்டுக்குச் சுமார் 18,000 டாலர் கட்டுகிறார்கள். வெளிமாநிலத்தாருக்கு 60,000 டாலரைத் தாண்டும். அந்த மாநிலத்துக்கே குடிபோய்விடலாமே என்று யோசிப்பது நியாயம்தான். ஆனால் எதற்காகக் குடிபோனீர்கள் என்ற கேள்விக்கும் கையில் பதில் இருக்க வேண்டும்.

பெரும்பாலான மாநிலங்கள் 12 மாதக் குடியிருப்பைக் கேட்கின்றன. கலிஃபோர்னியாவில் 366 நாள். வெளிமாநிலத்திலிருந்து விண்ணப்பித்துச் சேர்ந்தவர் படிப்பு முடியும்வரை வெளிமாநிலத்தவரே என்றது கனெக்டிகட் சட்டம். 1973-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஆகவே நிலை மாற வழி உண்டு. நிரூபிக்கும் பாரம் மட்டும் மாணவர் தலையில்.

படிக்கத்தான் வந்தார் என்று கல்லூரிக்குத் தோன்றினால் விண்ணப்பம் அநேகமாகத் தள்ளுபடிதான். அதனால் அந்த ஓராண்டில் முழுநேரப் படிப்பில் சேராதீர்கள். முழுநேர வேலையில் சேருங்கள். டெக்சாஸில் ஓராண்டு வேலை பார்த்ததையே குடியிருப்புக்குச் சான்றாகக் காட்டலாம். சம்பளமும் அனுபவமும் சேரும், கடனும் குறையும். என் பார்வையில் இது வீணான ஆண்டே அல்ல.

அதிகாரிகள் காகிதத்தில் முதலில் பார்ப்பது தேதியை. ஜூலையில் குடிவந்து, ஓட்டுநர் உரிமத்தை நவம்பரில் மாற்றினால், ஜூலைக் கணக்கை நம்பவைப்பது சிரமம். வாடகை ஒப்பந்தம், உரிமம், கார் பதிவு மூன்றையும் வந்த வாரத்திலேயே முடியுங்கள். சம்பளச் சீட்டு ஒன்றைக்கூடத் தொலைக்காதீர்கள். மாநில வருமான வரி உள்ள இடத்தில் குடியிருப்பவராகவே கணக்குத் தாக்கல் செய்யுங்கள். வாக்காளர் பதிவும் நல்ல சான்றுதான், ஆனால் குடிமக்களுக்கு மட்டும். விசாவில் இருப்பவர் அந்தப் படிவத்தைத் தொடவே கூடாது.

பலர் இடறி விழுவது வயதில். 24 வயதுக்குள் இருந்தால் பல இடங்களில் பெற்றோரின் மாநிலமே உங்கள் மாநிலம். ஊரில் அப்பா தன் வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவராகக் காட்டியிருந்தால், இங்கே நீங்கள் சேர்த்த காகிதமெல்லாம் வலுவிழக்கும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் இதில் மிகக் கறார். பெற்றோர் வெளியே இருக்கும் இளநிலை மாணவர் அங்கே தேறுவது அபூர்வம்.

எச்-1பி விசாவில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் சார்ந்தோருக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உள்மாநிலக் கட்டணம் கிடைக்கும். ஆனால் 21 வயதில் எச்-4 முடிகிறது. எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் சலுகை கைநழுவக்கூடும். அதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

குடிபெயராமலும் வழி உண்டு. மேற்கு மாநிலங்களின் பரிமாற்றத் திட்டத்தில் சேர்ந்த கல்லூரிகள் உள்மாநிலக் கட்டணத்தின் 150 சதவீதத்துக்கு மேல் வாங்குவதில்லை. மினசோட்டாவுக்கும் விஸ்கான்சினுக்கும் தனி உடன்பாடு இருக்கிறது.

எந்த வழியானாலும், இருக்கிற வேலையை விடுவதற்கு முன்பே சேரப்போகும் கல்லூரியின் குடியிருப்புப் பிரிவுக்கு உங்கள் நிலையை எழுதிக் கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொண்டு மூட்டை கட்டுங்கள்.