பத்தியில் இருப்பதைப் படி

மதுரை

அன்புள்ள கயலுக்கு,

தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வான கிளாட்டை எழுதப் போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னதும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. உனக்குச் சொல்ல வேண்டியதை எழுதியே அனுப்பிவிடுகிறேன். பக்கத்தில் வைத்துக்கொண்டு வேண்டும்போது எடுத்துப் படிக்கலாம்.

இது ப்ளஸ் டூ தேர்வு மாதிரி இல்லை. பாடத்தை வரி விடாமல் மனப்பாடம் செய்து மார்க் வாங்கிப் பழகியவள் நீ. அந்த உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 2020 முதல் கிளாட்டின் போக்கே மாறிவிட்டது. இப்போது 120 கேள்விகள், 120 நிமிடம். பெரும்பாலும் 450 சொல் அளவில் ஒரு பத்தி, அதன் கீழே சில கேள்விகள், உடனே அடுத்த பத்தி. கூட்டிப் பார்த்தால் இரண்டு மணி நேரத்தில் பத்தாயிரம் சொல்லை ஒட்டி ஆங்கிலத்தில் படித்து விடையும் குறிக்க வேண்டும். அதனால் இந்தத் தேர்வுக்குத் தயாராவது என்றால் படிக்கும் பழக்கத்தையே மாற்றிக்கொள்வது.

சட்டப் பகுதியில் முப்பது கேள்விகள் வரை வரும். சட்டம் முன்பே தெரிந்திருக்க வேண்டியதில்லை, விதியைப் பத்தியிலேயே கொடுத்துவிடுவார்கள். உன் வயதுக்காரன் ஒருவன், 17 வயது, தனக்கு 19 என்று பொய் சொல்லி ஒருவரிடம் கடன் வாங்குகிறான் என்று வைத்துக்கொள். திருப்பித் தர மாட்டேன் என்கிறான். கடன் கொடுத்தவர் ஒப்பந்தத்தைக் காட்டி வழக்குப் போடுகிறார். படித்தவுடன் உன் மனசு என்ன சொல்லும்? ஏமாற்றியவன் கட்டத்தானே வேண்டும் என்று சொல்லும். ஆனால் பத்தியில், மைனர் செய்யும் ஒப்பந்தம் அடியோடு செல்லாது, வயதைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தாலும் செல்லாது என்று இருந்தால் விடை அதுதான். கடனைக் கேட்க முடியாது. கல்கத்தாவில் தர்மோதாஸ் கோஷ் மைனராக இருந்தபோது எழுதிக்கொடுத்த அடமானத்தை 1903இல், அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் இப்படித்தான் செல்லாது என்றது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் படிக்கிற ஒவ்வொரு மாணவரும் இன்றைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. பொய் சொன்ன மைனர் தன் கையில் மிச்சமிருக்கும் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்று அதே பத்தியின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருப்பார்கள். அந்த ஒரு வரியில் விடை மாறிவிடும். வழக்கு தெரியும் என்ற தைரியத்தில் பாதியில் நிறுத்தியவர்கள் அங்கேதான் தவறுகிறார்கள். ‘ஆனால்’, ‘மட்டும்’, ‘தவிர’ என்ற பொருளில் வரும் சொற்கள் மேல் கண் நிற்கட்டும். கோர்ட்டில் வழக்கறிஞர்களான எங்கள் வேலையும் இதுதான், கயல். கட்சிக்காரரின் கண்ணீர் உண்மையாகவே இருக்கும். நீதிபதி கேட்பது, சட்டத்தில் அது எங்கே இருக்கிறது என்று.

நீ பத்தாவது வரை தமிழ்வழியில் படித்தவள், கிளாட் ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. இது அநியாயம் என்றுதான் நான் நினைக்கிறேன், மாற வேண்டும் என்றும் நினைக்கிறேன். ஆனால் உன் தேர்வு அதற்குக் காத்திருக்காது. உச்ச நீதிமன்றத்தின் இணையதளத்தில் சில தீர்ப்புகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. ஒன்றை எடுத்து, முதலில் தமிழில் இரண்டு பக்கம், பிறகு அதே பகுதியை ஆங்கிலத்தில் படி. புரியாத சொல்லுக்கு அந்த இடத்திலேயே நிற்காதே, பத்தியை முடித்துவிட்டு அகராதியைப் பார். ஆறு மாதம் விடாமல் செய்தால் நீளமான ஆங்கில வாக்கியத்தைக் கண்டு வரும் பயம் போய்விடும்.

நடப்பு நிகழ்வுகளுக்கும் கிட்டத்தட்ட சட்டப் பகுதி அளவுக்கே கேள்விகள். மாதாந்திரத் தொகுப்புகளை வாங்கிக் குவிக்காமல் ஒரு நாளிதழை முழுசாகப் படி. ஒரு செய்தியைப் பிடித்தால் அது முடியும்வரை விடாதே. ஆளுநர் நிறுத்திவைத்த பத்து மசோதாக்கள் பற்றித் தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கையே எடுத்துக்கொள். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், அவை ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றார்கள். மே மாதம் குடியரசுத் தலைவர் அரசியலமைப்பின் 143ஆவது பிரிவின் கீழ் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பரில் ஐந்து நீதிபதிகள், அப்படிக் கருத முடியாது, ஒப்புதல் தர ஆளுநருக்குக் காலக்கெடுவும் விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னார்கள். ஏப்ரல் செய்தியோடு நோட்டை மூடியவருக்குப் பாதிதான் தெரியும். யார் கேட்டார்கள், எந்தப் பிரிவு, எத்தனை நீதிபதிகள், பிறகு என்ன ஆனது என்று உன் கையெழுத்திலேயே எழுதி வை.

கணக்குக்குப் பத்துப் பன்னிரண்டு கேள்விகள்தான், பத்தாம் வகுப்புச் சதவீதமும் விகிதமும் போதும். தவறான விடைக்குக் கால் மார்க் போகும். கண்ணை மூடிக்கொண்டு நாலில் ஒன்றைக் குறிப்பதில் பெரிய பயனில்லை. ஆனால் இரண்டைக் காரணத்தோடு ஒதுக்க முடிந்தால் மிச்சத்தில் ஒன்றைத் துணிந்து குறி.

தேர்வு அண்மை ஆண்டுகளில் டிசம்பரில் நடக்கிறது. உன் அரையாண்டுத் தேர்வும் அப்போதுதான். இரண்டும் மோதாமல் இருக்க, பாடப் பகுதிகளை அக்டோபருக்குள் ஒருமுறை முடித்துவிடு. கிளாட்டுக்குத் தகுதியாக 45 சதவீதமே கேட்கிறார்கள் என்று பள்ளிப் பாடத்தைக் கைவிடாதே. சென்னை அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்திலும் அரசு சட்டக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுப் படிப்புக்கு ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் சேர்க்கை. அவற்றை இரண்டாந்தரமாக நினைக்காதே. பவானிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து சென்னை அரசு சட்டக் கல்லூரியில் படித்த சதாசிவம்தான் 2013இல் இந்தியத் தலைமை நீதிபதியானார்.

கோச்சிங் கட்டணம் அப்பாவுக்குக் கட்டுப்படியாகாது என்று எனக்குத் தெரியும். பழைய வினாத்தாள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பயிற்சி தருவதற்கென்று 2010இல் பேராசிரியர் ஷம்நாத் பஷீர் தொடங்கிய ஐடியா என்ற அமைப்பு இருக்கிறது, அதற்கும் எழுதிப் பார்ப்போம். திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் உள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கென்று தனி இடங்கள் உண்டு, உன் விருப்பப் பட்டியலில் அதை மேலே வை. படிப்புச் செலவு ஆண்டுக்கு லட்சக்கணக்கில் வரும். கல்விக் கடன் பற்றி அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், நீ அதை மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. விண்ணப்பக் கட்டணம் என் பொறுப்பு.

இந்த ஞாயிற்றுக்கிழமை பழைய வினாத்தாள் ஒன்றின் சட்டப் பகுதியை மட்டும் மணி பார்த்து எழுது. தவறிய கேள்விகளை போட்டோ எடுத்து அனுப்பு. ஒவ்வொன்றின் கீழும் எந்த வரியைக் கவனிக்காமல் விட்டாய் என்று ஒரு வாக்கியம் எழுதியிருக்க வேண்டும்.

அன்புடன்,
அத்தை