புதிய லேப்டாப் வாங்கக் கடன் கேட்கும் முன்

கல்லூரிகள் திறந்து ஒரு மாதம் ஆனதும் நம் அறக்கட்டளைக்கு ஒரே மாதிரியான மனுக்கள் வரத் தொடங்கும். "பிள்ளையின் பழைய கம்ப்யூட்டர் படிப்புக்கு ஆகாதாம், புதிது வாங்க உதவுங்கள்." இவ்வருடம் வந்த ஒரு தாயார், தவணையில் லேப்டாப் எடுக்கக் கடையில் பேசியே முடித்திருந்தார். வட்டியோடுதான். கையெழுத்துப் போடுவதற்கு முன் மகனின் கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொன்னோம்.

மகன் பி.சி.ஏ. படிக்கிறார். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கிப் பார்க்க வேண்டும் என்பது பாடம். ஒரே வீட்டைத் தடுத்து இன்னொரு குடும்பத்தைக் குடிவைப்பது போன்ற வேலை இது. விர்ச்சுவல்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். ஆனால் 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து, பிராசஸரில் ஹார்டுவேர் விர்ச்சுவலைசேஷன் வசதி இல்லாவிட்டால் அது இயங்காது. அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்துத்தான் "மெஷின் பழசு, மாற்றிவிடுங்கள்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

பார்த்தால், வசதி இருந்தது. அணைந்து கிடந்தது, அவ்வளவுதான். பல கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் வருகின்றன. விண்டோஸ் 10-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சி.பி.யு.வை அழுத்தினால் விர்ச்சுவலைசேஷன் என்ற வரி தெரியும். 'டிஸேபிள்டு' என்றிருந்தால், கம்ப்யூட்டரை மறுபடி இயக்கும்போது எஃப்2, எஃப்10 அல்லது டெலீட் விசையை அழுத்தி பயாஸுக்குள் செல்லுங்கள். இன்டெல் என்றால் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏ.எம்.டி. என்றால் 'எஸ்.வி.எம். மோடு' என்ற இடத்தை மட்டும் 'எனேபிள்' செய்து, சேமித்து வெளியே வாருங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். அந்தத் தாயாருக்குச் செலவு ஒரு பைசாவும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

எல்லோருக்கும் இப்படி அமையாது. சில பிராசஸர்களில் வசதியே கிடையாது. பயாஸில் தேடிப் பயனில்லை. வருடத்தை வைத்தும் முடிவு செய்ய முடியாது. 2006-இல் வந்த கோர் 2 டியூவோ இ6300-இல் அது உண்டு, மறுவருடம் வந்த இ4500-இல் இல்லை. பிராசஸர் எண்ணை இன்டெல்லின் இணையதளத்தில் தேடினால் தெரிந்துவிடும்.

இல்லையென்றால்? லினக்ஸ்தான் தேவை என்றால், அதை பென் டிரைவில் ஏற்றி நேரடியாகவே இயக்கலாம். எங்கள் அனுபவத்தில் பழைய மெஷினுக்கு இதுவே நல்ல வழி. இரண்டு குடித்தனத்தைத் தாங்கும் மெமரியும் அதில் இருப்பதில்லை. விண்டோஸை விட்டு வெளியேற முடியாதவர்களுக்கு டபிள்யு.எஸ்.எல்.-இன் முதல் பதிப்பு போதும். இரண்டாவதற்குத்தான் இந்த வசதி வேண்டும். ஆண்ட்ராய்டு செயலி எழுதும் பிள்ளைகள் எமுலேட்டருக்குப் பதில் தங்கள் போனையே கேபிளில் இணைத்துச் சோதிக்கலாம். விர்ச்சுவல்பாக்ஸின் 6.0 பதிப்பு 32-பிட் லினக்ஸை எப்படியோ இயக்கும். ஆனால் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது நின்றுவிட்டதால், நாங்கள் அதைக் கடைசியாகத்தான் சொல்வோம்.

ஒரே சமயத்தில் மூன்று நான்கு மெஷின்களை இயக்கும் நெட்வொர்க் பாடம் என்றால் இவை போதாது. அப்போது கல்லூரி ஆய்வகத்தில் கூடுதல் நேரம் கேளுங்கள், அல்லது எங்களிடம் வாருங்கள்.

பழைய கம்ப்யூட்டரை விற்பவர்களும் ஸதகாவாகத் தருபவர்களும் இந்த வசதி இல்லையென்றால் முன்பே சொல்லிவிடுங்கள். தானியக் குவியலின் நனைந்த பகுதியை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி (ஸல்) அவர்கள் வியாபாரியிடம் கேட்டது இதற்கும் பொருந்தும். நமக்குத் தருபவர்கள் பிராசஸர் எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஒட்டித் தந்தால், எந்தப் பிள்ளைக்கு எது ஆகும் என்று பார்த்துக் கொடுத்துவிடுவோம், இன்ஷா அல்லாஹ்.