எஸ்.ஜி.பி.டி. இறங்குகிறது, பிலிருபின் ஏறுகிறதே?

கேள்வி: என் மகனுக்கு (வயது 19) ஹெபடைட்டிஸ் ஏ. எஸ்.ஜி.பி.டி. 1,800-லிருந்து 600 ஆகிவிட்டது. ஆனால் பிலிருபின் 6-லிருந்து 9-க்கு ஏறியிருக்கிறது. பயப்பட வேண்டுமா, டாக்டர்?

பதில்: இந்தக் காமாலையில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும், அம்மா. எஸ்.ஜி.பி.டி. என்பது காயம்பட்ட கல்லீரல் செல்களிலிருந்து ரத்தத்தில் கசியும் என்சைம். அது முதலில் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கும். பிலிருபின் பின்தங்கி உயர்ந்து, மெதுவாகத்தான் வடியும்.

கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நம்பிப் பார்க்க வேண்டிய சோதனை, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பி.டி., ஐ.என்.ஆர்.தான். ரத்தம் உறையத் தேவையான புரதங்கள் பெரும்பாலும் கல்லீரலில்தான் உருவாகின்றன. அவற்றுள் ஏழாம் காரணியின் அரை ஆயுள் சில மணி நேரமே. உற்பத்தி தடுமாறினால் சீக்கிரமே தெரிந்துவிடும். கல்லீரலில் உருவாகும் இன்னொரு புரதமான ஆல்புமினுக்கோ அரை ஆயுள் சுமார் 20 நாள்; அதில் தெரியத் தாமதமாகும். ரிப்போர்ட்டில் ஐ.என்.ஆர். இல்லையென்றால் இன்றே பார்க்கச் சொல்லுங்கள். அது 1.5 அல்லது அதற்கு மேல் இருந்தால், எஸ்.ஜி.பி.டி. இறங்கியதை எண்ணி நிம்மதி அடையாதீர்கள். கசிவதற்கே செல்கள் மிஞ்சவில்லை என்றும் அதற்குப் பொருள் இருக்கலாம். பகலெல்லாம் தூங்கி இரவில் விழித்திருப்பது, பேச்சு குழறுவது, ஆளே குழம்புவது என ஏதேனும் தெரிந்தால் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.