ஓய்வு பெற்ற ராணுவத்தினரின் வைத்தியச் செலவு: எதைக் கொள்வது, எதை விடுவது?

சேவையில் இருக்கும்வரை ஜுரம் கண்டாலும் குண்டு பட்டாலும் ராணுவ ஆஸ்பத்திரி கவனித்துக்கொள்ளும் என்ற நிச்சயத்திலே வாழ்ந்து, நாற்பது வயதையொட்டி பென்ஷனோடு வேலூர்ப் பக்கத்துக் கிராமமொன்றுக்குத் திரும்பும் ஹவில்தார், வைத்தியச் செலவென்னும் விசாரத்தை அப்பொழுதுதான் முதன்முதலாக அறிகிறார். 2003 ஏப்ரல் 1-ஆம் தேதி தொடங்கப்பெற்ற இ.சி.எச்.எஸ். என்னும் முன்னாள் ராணுவத்தினர் பங்களிப்புச் சுகாதாரத் திட்டமே அதற்குப் பிரதான பரிகாரம். அத்தேதி முதல் ஓய்வு பெற்றோருக்கு அது கட்டாயமாதலால், சேருவதா வேண்டாமா என்று யோசிக்கும் சுதந்திரம் அதற்கு முந்தியவர்களுக்கே உண்டு.

அம்முதியவர்களில் திட்டத்தில் சேராதோர்க்கு மாதம் 1,000 ரூபாய் மெடிக்கல் அலவன்ஸ் வருகிறது. கைக்கு வருகிற பணத்தை விட மனமின்றிப் பலர் அதிலேயே நின்றுவிடுகிறார்கள். ஹவில்தார் வரையிலான பதவிகளுக்குச் சந்தா ஒரே முறை 30,000 ரூபாய், சுபேதார் முதலான ஜே.சி.ஓ.க்களுக்கு 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 1996 ஜனவரி 1-க்கு முன் ஓய்வு பெற்றவர்களுக்கும் போர் விதவைகளுக்கும் அதுவுமில்லை. இரண்டரை வருஷத்து அலவன்ஸுக்குச் சமமான தொகையைக் கட்டிய ஹவில்தாருக்கும் அவர் மனைவிக்கும், வயது வரம்போ, பழைய வியாதி என்ற ஆட்சேபமோ, செலவுக்கு உச்சவரம்போ இன்றி ஆயுள்பரியந்தம் சிகிச்சை கிடைக்குமென்றால், அலவன்ஸைப் பற்றிக்கொண்டிருப்பது சிக்கனமாகாது என்பதே என் அபிப்பிராயம்.

திட்டத்திலும் குறைகள் உண்டு. காலையில் பாலிகிளினிக்குக்குப் போய் டோக்கன் வாங்கிக் காத்திருந்து, சீட்டில் எழுதிய நாலு மருந்துகளில் இரண்டுக்கு எதிரே 'என்.ஏ.' (இருப்பில் இல்லை) என்று குறித்து வாங்கி வருவதும், பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபரல் பெற மறுபடியும் அலைவதும் எழுபது வயதில் எளிய காரியமல்ல. அவசரத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் சேரலாம். ஆயின் அது அங்கீகாரம் பெறாததாயின் 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் தரவேண்டும் என்பதையும், பில் முழுவதும் அன்றி மத்திய அரசு சுகாதாரத் திட்டமான சி.ஜி.எச்.எஸ். விகிதப்படியே பணம் திரும்பும் என்பதையும் வீட்டாருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது அவசியம்.

இவ்வலைச்சலுக்கு அஞ்சித் தனியார் பாலிசியை நாடுவோர், அதை ஓய்வு பெற்றவுடனே, தேகம் திடமாயிருக்கையில் எடுப்பது உசிதம்; ஏனெனில் முன்பே உள்ள வியாதிகளுக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க நேரும், பிரீமியமோ வயதோடு வளரும். அறுபத்தைந்துக்குமேல் புதிதாக எடுப்பதைவிட அத்தொகையை பாங்கில் போட்டுவைப்பதையே நான் விரும்புவேன். 25 வயது கடந்த மகனுக்கு மட்டும், பொதுவாக இ.சி.எச்.எஸ். உரிமை அற்றுப்போவதால், தனிப் பாலிசி வேண்டியதே.

எழுபது நிரம்பியோருக்கு 2024 அக்டோபரில் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை வருஷத்துக்கு 5 லட்சம் வரை தருகிறது. இ.சி.எச்.எஸ். உறுப்பினர் இரண்டில் ஒன்றையே கொள்ளவேண்டும் என்பதை அறியாமல், பக்கத்து வீட்டார் வாங்கினார்களே என்று தாமும் மாறிக்கொள்வது விபரீதம். அந்த அட்டை ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பயன்படும், தினசரி மாத்திரைக்கு உதவாது.

எதைத் தேர்ந்தாலும், மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பி.பி.ஓ. என்னும் பென்ஷன் உத்தரவிலும் ஆதாரிலும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்து, பிழையிருப்பின் ரிகார்ட் ஆபீஸுக்கு எழுதித் திருத்திக்கொண்டு, அந்த அம்மாளுக்கும் தனி அட்டை வாங்கிவைப்பதை ஒத்திப்போடலாகாது. கணவர் காலமான பின் குடும்ப பென்ஷன் பெறுபவர் என்ற முறையில் உரிமை அவருக்குத் தொடருமாயினும், எழுத்துப் பிழைக்காக ஆபீஸ் ஆபீஸாக ஏறியிறங்கும் நிலை அவருக்கு அப்பொழுது நேரக்கூடாது.