இங் போடவா, எட் போடவா?

நேர்முகத் தேர்வில் தன்னைப் பற்றி நன்றாகவே சொல்லிக்கொண்டு வந்த பையன், முடிக்கும்போது "ஐ ஆம் வெரி இன்ட்ரஸ்டிங் இன் திஸ் ஜாப்" என்கிறான். இந்த வேலையில் எனக்கு ஆர்வம் இருக்கிறது என்று சொல்ல நினைத்தான். எதிரே இருப்பவர் காதில், நான் சுவாரசியமான ஆள் என்று விழுகிறது. இன்ட்ரஸ்டட் என்று சொல்லியிருந்தால் போதும். வேலையில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்த ஓர் அசையில் தடுக்கி விழுவதைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது.

இதற்குக் காரணம் நம் தாய்மொழிப் பழக்கம். "படித்த பையன்" என்கிறோம், "படித்த புத்தகம்" என்றும் சொல்கிறோம். பையன் படித்தவன், புத்தகம் படிக்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரே பெயரெச்சம் போதுமாக இருக்கிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறு வகைப் பெயர்களையும் பெயரெச்சம் ஏற்கும் என்பது நன்னூல் இலக்கணம். யார் செய்தது, யாருக்கு நடந்தது என்பதைப் பின்னால் வரும் பெயரை வைத்து நாமே புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அதை எச்சத்தின் வாலாக வரும் இங் அல்லது எட்தான் சொல்லியாக வேண்டும்.

உணர்வைக் குறிக்கும் சொல் வந்தால் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த உணர்வைக் கொடுத்தது எது, பட்டது யார்? கொடுத்ததற்கு இங், பட்டவருக்கு எட். வேலை டயரிங், நான் டயர்ட். விளக்கம் கன்ஃபியூசிங், கேட்டவர் கன்ஃபியூஸ்ட்.

கஸ்டமர் சப்போர்ட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். மூன்று தடவை போன் செய்தும் ரீஃபண்ட் வராத ஒருவரைப் பற்றி டிக்கெட்டில் குறிப்பு எழுதுகிறீர்கள். "ஃப்ரஸ்ட்ரேட்டட் கஸ்டமர்" என்றால் நொந்துபோன மனிதர். அடுத்த ஷிஃப்டில் எடுப்பவர் அவரிடம் பதமாகப் பேசுவார். "ஃப்ரஸ்ட்ரேட்டிங் கஸ்டமர்" என்றால், நம் உயிரை வாங்குகிற ஆள் என்று நீங்களே எழுத்தில் கொடுத்ததாகிவிடும். அந்தக் குறிப்பை மேலாளரும் படிப்பார்.

பொருள்களுக்கு வரும்போது சில இடங்களில் காலமும் சேர்ந்துகொள்ளும். பாய்லிங் வாட்டர் என்றால் கொதித்துக்கொண்டிருக்கிற தண்ணீர்; பாய்ல்ட் வாட்டர் காய்ச்சிய தண்ணீர். நோயாளிக்குக் குடிக்க எதைக் கொடுப்பது என்று எழுதும் செவிலியர் இதை மாற்றி எழுதவே கூடாது. ரிட்டயர்ட் ஆபீசர், எக்ஸ்பயர்ட் லைசென்ஸ் போன்றவற்றில், எட் வந்தாலும் "செய்யப்பட்ட" என்று எடுக்க வேண்டாம். நம் "ஓய்வுபெற்ற", "காலாவதியான" போல, நடந்து முடிந்தது என்பதே பொருள். எல்லாச் சொல்லும் எட்டில் முடியாது என்பதும் தெரிந்ததுதான்: ரிட்டன் டெஸ்ட், ப்ரோக்கன் லிங்க்.

ரெஸ்யூமேயில் நடக்கும் பெரிய தவறு வேறு. எட்டையே விட்டுவிடுகிறோம். "எக்ஸ்பீரியன்ஸ் அக்கவுன்டன்ட்", "ஸ்கில் லேபர்", "ஏர்கண்டிஷன் ரூம்" என்று விளம்பரப் பலகைகளே எழுதுகின்றன. பேச்சில் அந்தக் கடைசி டி விழுங்கப்படுகிறது. காதால் பழகியதைக் கையும் அப்படியே எழுதிவிடுகிறது. எக்ஸ்பீரியன்ஸ் என்பது அனுபவம், எக்ஸ்பீரியன்ஸ்ட் என்பதுதான் அனுபவமுள்ள. நீங்கள் பத்து வருஷம் உழைத்துச் சேர்த்ததை அந்த ஒரு டி தாங்கி நிற்கிறது. விட்டுவிடாதீர்கள்.

நம் ஊரில் செல்லுபடியாகி வெளிநாட்டில் இடறுகிற இரண்டையும் சொல்லிவிடுகிறேன். "தி கன்சர்ன்ட் ஆபீசர்" என்றால் சம்பந்தப்பட்ட அதிகாரி என்று இங்கே எல்லோருக்கும் புரியும். லண்டனில் படிப்பவருக்கு, கவலையில் இருக்கும் அதிகாரி என்று தோன்றலாம். சம்பந்தப்பட்டவர் என்று சொல்ல, பெயருக்குப் பின்னால் போடுங்கள்: "தி ஆபீசர் கன்சர்ன்ட்". இன்னொன்று, "2023 பாஸ்ட் அவுட்". வெளிநாட்டில் பாஸ் அவுட் என்றதும் மயங்கி விழுவதுதான் முதலில் நினைவுக்கு வரும். "கிராஜுவேட்டட் இன் 2023" என்று எழுதுங்கள்.

ரெஸ்யூமேயை அனுப்பும் முன் ஒரு பென்சிலை எடுத்து, இங், எட் வருகிற ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடு போடுங்கள். கொடுத்ததா, பட்டதா என்று கேட்டுப் பாருங்கள். வாய்விட்டுப் படித்தால் அந்த டி மறுபடியும் நழுவிவிடும், அதனால் கண்ணால் பாருங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது. இன்றைக்கே செய்துவிடுங்கள்.