ஜார்ஜ்டவுனைக் காலால் படிப்போம்!

புவியியலில் வரைபடம் பார்க்கிறோம். வரலாற்றில் ஆண்டுகளை மனப்பாடம் செய்கிறோம். இரண்டையும் ஒரே நாளில் நடந்தே படிக்க முடியுமா? முடியும்!

கடந்த விடுமுறையில் சித்தப்பா, அக்கா, நான் மூவரும் முதன்முறையாகப் பினாங்கு ஜார்ஜ்டவுனுக்குப் போனோம். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் ஆளுக்கு 20 வெள்ளிதான். "டாக்சி எடுத்தா காசுதான் ஓடும், ஊரு மனசுல நிக்காது. நடப்போம் லா!" என்றார் சித்தப்பா. அன்று கற்ற பாடங்கள் இதோ:

1. எல்லையைத் தெரிந்துகொள்
1786-இல் பிரான்சிஸ் லைட் அமைத்த பழைய நகரம் நான்கு தெருக்களுக்குள் அடங்கும். வடக்கே லைட் தெரு, கிழக்கே பீச் தெரு, தெற்கே இன்றைய சூலியா தெரு, மேற்கே பிட் தெரு. பிட் தெருவுக்கு இப்போது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று பெயர். இந்த நான்கையும் அக்கா ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டார். எந்தச் சந்தில் நுழைந்தாலும் நேரே நடந்தால் ஏதாவது ஒன்று வந்துவிடும். அப்படியும் புரியாவிட்டால் கேட்கலாம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் அல்லவா?

2. பெயரை விசாரி
பீச் தெருவில் கடலையே காணோம்! பிற்காலத்தில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் கரை தள்ளிப் போய்விட்டதாம். 'சூலியா' என்பது சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்களைக் குறித்த சொல். பெயர்ப்பலகையே பாதி வரலாறு.

3. நிழலில் நட
கடைவீடுகளின் முன்னால் 'காக்கி லீமா' இருக்கிறது. ஐந்தடி நடைபாதை என்று பொருள். மேல்மாடியே கூரையாக நிற்பதால் வெயிலுக்கும் மழைக்கும் குடை வேண்டாம். ஆனால் சில இடங்களில் மோட்டார்சைக்கிள்கள் வழியை மறிக்கும். சாலையில் இறங்குமுன் பின்னால் திரும்பிப் பாருங்கள்.

4. காசில்லாமல் பார்
பத்து நிமிட நடைக்குள் 1818-இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில், 1801-இல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கிய பள்ளிவாசல். நான்கையும் பார்த்தோம். காலணியைக் கழற்றவும் அமைதி காக்கவும் தெரிந்தால் போதும்.

5. விலை கேட்டுச் சாப்பிடு
நாசி கண்டார் கடையில் கறி வகை வகையாக இருக்கும். கையை நீட்டுமுன் விலையைக் கேளுங்கள். சோறு, ஒரு கறி, ஒரு முட்டை. வயிறும் நிறைந்தது, மிச்சமும் இருந்தது.

6. மனிதரையும் பார்
பழைய வீடுகளைக் காத்த வாடகைக் கட்டுப்பாடு 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிந்தது. 2008-இல் யுனெஸ்கோ இந்நகரை மலாக்காவுடன் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது. பயணிகள் பெருகினர். வாடகையும் ஏறியது. ஒரு மளிகைக்கடைத் தாத்தா சொன்னார்: "முன்ன இந்த வரிசை முழுக்கக் குடும்பங்க இருந்துச்சு தம்பி. இப்ப ராத்திரியில ஓட்டல் வெளக்குதான் எரியுது." கட்டடம் நிற்கிறது, அதைக் கட்டிக் காத்தவர்கள் போய்விட்டார்கள். அதைக் கேட்ட பிறகு வண்ணச் சுவரின் முன் படமெடுக்க எனக்கு மனம் வரவில்லை. மிச்சக் காசுக்கு அவர் கடையிலேயே பிஸ்கட் வாங்கினோம்.

பயிற்சி: நம் ஊரில் ஒரு தெருவை நடந்து பாருங்கள். அதற்கு ஏன் அந்தப் பெயர்? அங்கே முன்பு யார் இருந்தார்கள்? விடையை எழுதி இதே பலகையில் ஒட்டுங்கள். நான் வந்து படிப்பேன்!