அரசன் பெயரால் எழுந்த கிளர்ச்சி: 1549 நார்ஃபோக் எழுச்சியில் அரசதிகாரமும் குடிமக்களும்

முன்னுரை

இங்கிலாந்தில் பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த உழவர் கிளர்ச்சிகளை முடியாட்சிக்கு எதிரானவையாகக் கொள்வது எளிது. நார்ஃபோக் பகுதியில் 1549ஆம் ஆண்டு ராபர்ட் கெட் தலைமையில் நிகழ்ந்த எழுச்சி அக்கருத்திற்கு உடன்படவில்லை. அங்குத் திரண்டோர் அரசாணையை மீறுவதாக அன்றி, அதனை நிறைவேற்றுவதாகவே கருதினர்.

பின்னணி

கம்பளி வணிகத்தின் ஊதியத்தை நாடிய நிலக்கிழார் பலர், ஊர்ப் பொதுநிலங்களை வேலியிட்டுத் தமதாக்கினர். எஞ்சிய மேய்ச்சல் நிலங்களிலும் தம் மந்தைகளை நிறைத்தனர். மன்னர் ஆறாம் எட்வர்டு சிறுவராக இருந்தமையால், அவருடைய தாய்மாமன் சாமர்செட் கோமகன் ஆட்சியை நடத்தினார். அவர் 1548இல் வேலியடைப்பைக் கண்டித்து ஆணை வெளியிட்டு, அதனை ஆராயக் குழுவும் அமைத்தார். மன்னர் தம் பக்கமே என்னும் நம்பிக்கை இதனால் குடிமக்களிடையே வேரூன்றியது.

கோரிக்கைகளும் அரசதிகாரமும்

1549 ஜூலையில் விண்டம் ஊரில் வேலிகள் தகர்க்கப்பட்டன. தோல் பதனிடும் தொழிலும் நிலவுடைமையும் கொண்டிருந்த கெட், கிளர்ச்சியாளருடன் இணைந்து அவர்களுக்குத் தலைமையேற்றார். நார்விச் நகரை அடுத்த மவுஸ்ஹோல்டு வெளியில் பாசறை அமைந்தது. அங்கு வழக்குகள் விசாரிக்கப்பட்டன; மன்னர் பெயராலேயே உணவுப்பொருள்கள் பெறப்பட்டன. மன்னருக்கு விடுக்கப்பட்ட 29 கோரிக்கைகளும் பணிவான வேண்டுகோள் நடையில் அமைந்தவை. கொத்தடிமை நிலையில் உள்ளோர் விடுதலை பெறவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நீதிபதிகளும் அலுவலர்களும் நல்ல சட்டங்களைக் குடிமக்களிடமிருந்து மறைத்துவிட்டனர். எனவே மக்கள் தேர்ந்தோருக்கு அவற்றைச் செயற்படுத்தும் அதிகாரம் வேண்டும் என்பது மற்றொன்று. குற்றச்சாட்டு மன்னர்மீது அன்று, இடைநின்ற அலுவலர்மீதே சுமத்தப்பட்டது.

முறிவு

அரசத் தூதர் மன்னிப்பு அறிவித்தபோது, குற்றமற்றோருக்கு மன்னிப்பு எதற்கு எனக் கெட் மறுத்தார். அம்மறுப்பே அவரை அரசின் பார்வையில் துரோகியாக்கியது. ஆகஸ்டு 27 அன்று டசிண்டேல் களத்தில் வாரிக் பிரபுவின் படை கிளர்ச்சியாளரை வென்றது. அக்டோபரில் சாமர்செட் பதவியிழந்தார். டிசம்பர் 7 அன்று கெட் நார்விச் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார்.

முடிவுரை

மன்னரின் ஆணையைக் குடிமக்கள் நீதியின் வாக்குறுதியாகக் கொண்டனர். அரசவையோ ஆணையிடும் உரிமையையும் அதனை நிறைவேற்றும் உரிமையையும் தன்னிடமே வைத்துக்கொண்டது. அரசதிகாரத்தின்மீது கொண்ட அவநம்பிக்கை இவ்வெழுச்சியைத் தோற்றுவிக்கவில்லை. அரசின் சொல்லை மெய்யென நம்பியோர், அச்சொல் செயலாகாமை கண்டு தாமே அதைச் செயலாக்க முனைந்ததன் விளைவே இது எனலாம்.